ரோலர்காரர் வீட்டு நடுச்சுவர்

அந்தத் தெருவில் பிள்ளைகளைவிட வீடுகள் வேகமாக வளர்ந்தன. போன மழைவரை தரையோடு தரையாகக் கிடந்த மருந்துக்கடைக்காரர் வீடு இப்போது ஆறு படி ஏறி நின்றது. எதிர்வீட்டு டீச்சருக்கு எட்டுப் படி. மூலைவீட்டுக்காரர் யாருக்கும் சளைக்கக் கூடாது என்று பத்துப் படி வைத்துவிட்டு, முழங்கால் வலியோடு அதை ஏறி இறங்கி, ஒவ்வொரு படியிலும் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் வாடகைக்கு விடும் வீட்டு வாசலில் 'தண்ணீர் வரும்' என்று எழுதித் தொங்கவிடுவார்கள். இப்போது 'தண்ணீர் வராது' என்று எழுதினால்தான் ஆள் எட்டியாவது பார்க்கிறது.

தூக்காத வீடு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது பெரியவளின் வீடு. சரியாகச் சொல்வதானால் பெரியவளின் பாதி வீடும் சின்னவளின் பாதி வீடும். மாமனார் கட்டிய ஒரே வீட்டை, அவர் போன பிறகு அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் வைத்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் மனைவி பெரியவள், வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பவள். தம்பி மனைவி சின்னவள், மருந்துக்கடையில் வேலை செய்பவள். ஆகவே தெருவில் யாருக்கு என்ன வியாதி, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஓரகத்திகள் என்றால் ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். இவர்கள் இரண்டு பேரும் அந்தச் சட்டத்தை மதிக்கவே இல்லை. நடுச்சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது, புருஷன்மார் வெளியே போன நேரம் பார்த்து, கொத்தனாருக்கு டீ போட்டுக் கொடுத்து, இரண்டு சமையலறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல் அளவுக்கு இடம் விடச் சொன்னார்கள். காற்று வரட்டும் என்று காரணம் சொன்னார்கள். காற்று வந்ததோ இல்லையோ, சர்க்கரை வந்தது, வெங்காயம் வந்தது, கத்தரிக்கோல் போனது, தலைவலி மாத்திரை வந்தது, ஊர்வம்பு இரண்டு பக்கமும் போய் வந்தது. பெரியவளின் பிள்ளைகள் வேலை தேடித் தூரதேசம் போய்விட்ட பிறகு, அவள் ஒரு நாளில் பேசுகிற பேச்சில் முக்கால்வாசி அந்த ஜன்னல் வழியாகத்தான் போயிற்று. மீதிக் கால்வாசி புருஷனிடம், அதுவும் காய்கறி வாங்கி வரச் சொல்வதற்கு.

புருஷன்மார் இரண்டு பேரும் அந்த ஜன்னலைக் கண்டும் காணாமல் இருந்தார்கள். அவர்களுக்குள் பேச்சு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. அதற்குக் காரணம் மழை என்றும் சொல்லலாம், ரோடு என்றும் சொல்லலாம்.

பெரியவளின் புருஷன் ரோடு ரோலர் ஓட்டியவர். ஊர் முழுக்க அவருக்கு ரோலர்காரர் என்றே பெயர். அந்தக் காலத்து மழை ஒழுங்கான மழை. பெய்ய வேண்டிய மாதத்தில் பெய்யும், நாலு நாள் தூறும், ஒரு நாள் ஓயும், மறுபடி தூறும். விழுந்த தண்ணீர் தெருக்கோடிக்குப் போய் ஏரியில் இறங்கிவிடும். பிறகு ஏரியில் மண் கொட்டி அடுக்குமாடி கட்டினார்கள். தண்ணீர் தெருக்கோடி வரை போய், ஏரியைக் காணோமே என்று திரும்பி வந்தது. மழையும் தன் குணத்தை மாற்றிக்கொண்டது. மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது. பிறகு ஒரு மாதத்துக்கு உள்ளதை ஒரே மதியத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதது போல வெயில் அடிக்கும். ஒவ்வொரு கொட்டுக்கும் ரோடு பெயர்ந்துவிடும். பெயர்ந்த ரோட்டைச் சுரண்டி எடுக்கிற வேலையெல்லாம் யார் செய்வது? அதன் மேலேயே புதுசாக ஒரு அடுக்கு கொட்டி உருட்டிவிடுவார்கள். அடுத்த மழைக்கு அடுத்த அடுக்கு. உருட்டியவர் நம்ம ரோலர்காரர்தான்.

மனுஷருக்குத் தன் வேலையில் அப்படி ஒரு பெருமை. ஒரு தடவை சொந்தத் தெருவிலேயே ரோடு போடுகிற வாய்ப்பு வந்தது. விடுவாரா? நம்ம வீட்டு வாசல் பளபளவென்று இருக்க வேண்டும் என்று, கெஞ்சிக் கூத்தாடி ஒரு லோடு ஜல்லித்தார் கூடுதலாகக் கொட்டச் சொல்லி, தன் வீட்டு முன்னால் மட்டும் நன்றாகத் தடிமனாக உருட்டினார். தெருவே வந்து பார்த்தது. தம்பி அன்றைக்கு ரோடு போட்டவர்கள் அத்தனை பேருக்கும் சோடா வாங்கிக் கொடுத்து, "எங்க அண்ணன் போட்ட ரோடு" என்று போவோர் வருவோரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த மழையில், தெருத்தண்ணீர் முழுவதும் அந்த மேட்டில் ஏறி, சறுக்குமரத்தில் இறங்குவதைப் போல இந்த இரண்டு பாதி வீட்டுக்குள்ளும் இறங்கியது. தம்பிக்கு வாஷிங்மெஷின் ரிப்பேர் தொழில். முன்னறையில் அடுத்தவர்களின் மெஷின்கள் வரிசையாக நின்றிருந்தன. அத்தனையும் முங்கிப்போயின.

"நீ ரோடு போட்டியா, இல்ல எங்களைப் புதைச்சியா?" என்றார் தம்பி.

"மழை பெஞ்சா நான் என்னடா பண்ணுவேன்?" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் தெருவில் எதிரெதிரே வந்தால், ஒருவர் வானத்தைப் பார்ப்பார், இன்னொருவர் செருப்பைப் பார்ப்பார். இத்தனை வருஷத்தில் வானத்துக்கும் செருப்புக்கும் அலுத்துப்போயிருக்கும்.

இப்படி இருக்கையில்தான் வீடு தூக்குகிறவர் வந்தார். ஜாக்கி மேஸ்திரி என்று அவரைக் கூப்பிட்டார்கள். சுவரின் அடியை அறுத்து, வரிசையாக ஜாக்கி வைத்து, விசில் ஊத ஊத எல்லா ஜாக்கியையும் ஒன்றாகத் திருகி, வீட்டை அப்படியே தலைக்கு மேல் சுமப்பது போலத் தூக்கிவிடுவார். பிறகு அடியில் செங்கல் வைத்துக் கட்டிவிடுவார். இதற்கு முன்னால் இந்த ஊரில் அப்படி ஒரு தொழிலே கிடையாது. இப்போது அவரைப் பிடிக்க ஆள்மேல் ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

இரண்டு பாதி வீட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மேல தளம் ஒண்ணு, அஸ்திவாரம் ஒண்ணு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சரின்னா அலுங்காமத் தூக்கிடலாம். ஒருத்தர்தான் தூக்குறீங்கன்னா, அந்தத் தளத்தை நடுவுல அறுக்கணும். நடுச்சுவர் தம்பியோட மேல போயிடும். அண்ணன் பக்கம் புதுசா ஒரு சுவர் கட்டணும்."

தம்பி சரி என்றார். அண்ணன் முடியாது என்றார். இரண்டு பதிலும் மேஸ்திரி மூலமாகத்தான் போய் வந்தன. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தலையை அப்படியும் இப்படியும் திருப்பித் திருப்பி மேஸ்திரிக்குக் கழுத்தே சுளுக்கிக்கொண்டது.

அன்று ஜன்னலில் சின்னவளின் முகம் வாடிக் கிடந்தது.

"அக்கா, இவர் அறுத்தே தீருவேன்னு நிக்கறாரு. இன்னொரு தடவை மெஷின் முங்கினா தொழிலை விட்டுட்டுத் தெருவுல நிக்க வேண்டியதுதான்னு சொல்றாரு. நான் என்ன சொல்றது?"

"அவர் சொல்றதுல தப்பே இல்ல. என் வீட்டுல இருக்கறதுதான் அசைய மாட்டேங்குது."

"நீங்க ஒரு தடவை பேசிப் பாருங்கக்கா. மேல போனா நாம ஒண்ணாப் போவோம்."

பெரியவள் ஒரு தடவை இல்லை, சாப்பாடு போடும்போது, துணி மடிக்கும்போது, டி.வி. விளம்பரத்தின்போது என்று விடாமல் பேசினாள். ரோலர்காரர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எங்கப்பா கட்டின வீடு. தண்ணி வரும், போகும். அதுக்காக வீட்டையா தூக்குவாங்க?"

"தெருவே தூக்கிடுச்சு."

"தெரு கிணத்துல விழுந்தா நானும் விழணுமா?"

"இப்ப நாமதான் கிணத்துல இருக்கோம். அவங்க எல்லாம் மேல நின்னு எட்டிப் பாக்கறாங்க."

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அங்கே நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னறை ஜன்னல் கம்பி வழியாக அந்த முதுகைப் பார்த்தபோதுதான் பெரியவளுக்கு விஷயம் பளிச்சென்று புரிந்தது. வீட்டைத் தூக்கினால், அது புதைந்து போயிற்று என்று ஒத்துக்கொள்ள வேண்டும். புதைந்து போயிற்று என்றால், புதைத்தது யார் என்ற கேள்வி வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து மனுஷர் முழங்கால் தண்ணீரில் குடித்தனம் நடத்தத் தயாராக இருந்தார். அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது.

ஆக, அறுப்பது என்று முடிவாயிற்று. முதலில் பெரியவள் பக்கம் புதுச்சுவர் எழும்பியது. ஜன்னல் என்ன ஆகும் என்பதுதான் ஓரகத்திகளின் கவலை. நடுச்சுவர் மேலே போனால் ஜன்னலும் கூடவே மேலே போய்விடும். இரண்டு பேரும் தையல் டேப்பை வைத்து அளந்து அளந்து பார்த்து, புதுச்சுவரில் எங்கே இடம் விட வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். அது கூரைக்குக் கொஞ்சம் கீழே வந்தது.

"அங்கயா?" என்றார் கொத்தனார். "அங்க எதுக்கும்மா ஜன்னல்? பல்லி எட்டிப் பாக்கவா?"

"ஆமா, பல்லி பாவம் இல்லையா? நீங்க விடுங்க" என்றாள் சின்னவள். "கொஞ்சம் பெருசாவே விடுங்க. குக்கர் தாராளமா வரணும்."

தூக்குகிற வேலை நாள்கணக்கில் நடந்தது. வெளியே விசில் ஊதும். ஜாக்கிகள் ஒன்றாகத் திரும்பும். பக்கத்து வீடு பல்லைக் கடிப்பதைப் போல ஒரு சத்தம் கேட்கும். பெரியவள் சமையல் மேடைமேல் ஸ்டூலைப் போட்டு, அதில் ஏறி, புதுச்சுவரின் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் நாள் வெறும் செங்கல் தெரிந்தது. மறுநாளும் செங்கல். பிறகு ஒரு காலையில் அடியோரத்தில் கோடு போட்ட மாதிரி வெளிச்சம் விழுந்தது. கோடு விரிந்து விரல் அளவாயிற்று, சாண் அளவாயிற்று. கடைசி விசில் ஊதியபோது, இரண்டு ஓட்டையும் ஏறக்குறைய சரியாக வந்து நின்றன. உட்புறம் இன்னும் காலியாக இருந்த அந்த வீட்டுச் சமையலறையில் இருந்து சின்னவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா! பல்லிக்கு வழி கிடைச்சிடுச்சு!"

அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது.

ஆனால் சிரிப்பு நாளாக ஆகக் குறைந்தது. அதை யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. சின்னவளுக்கு ஜன்னல் பழையபடி இடுப்பு உயரத்தில்தான் இருந்தது. அவள் தன் மேடையில் கையூன்றிக் குனிந்து பார்ப்பாள். பெரியவளோ ஒரு டம்ளர் சர்க்கரைக்கு மேடை ஏறி, ஸ்டூல் ஏறி, அண்ணாந்து கை நீட்ட வேண்டும். முன்பு கொடுத்தவள் யார், வாங்கியவள் யார் என்று யாரும் பார்த்ததில்லை. இப்போது கொடுக்கிற கை மேலே இருந்தது, வாங்குகிற கை கீழே இருந்தது. சின்னவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை, அதே அக்காதான், அதே அன்புதான். ஆனால் "ஜாக்கிரதைக்கா, விழுந்துடாதீங்க" என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் பெரியவளுக்குச் சுருக்கென்றது. ஒரு நாள் சர்க்கரை தீர்ந்தபோது, கூப்பிடாமல், சர்க்கரை இல்லாமலே டீ குடித்தாள். டீ கசந்தது. இப்படியே போனால் ஒரு நாள் ஸ்டூலை எடுத்து மூலையில் போட்டுவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது. சின்னவளும் ஒரு வருஷம் கழித்து அந்த இடத்தில் ஒரு அலமாரியை நகர்த்தி வைத்துவிடுவாள். வருத்தமே இல்லாமல், தன்னாலே நடந்துவிடும். அதை நினைத்தபோது பெரியவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். பிறகு யூனிபார்ம் தைக்கப் போனாள்.

ரோலர்காரர் சும்மா இருக்கவில்லை. தண்ணீரை நிறுத்த அவரிடமும் ஒரு யோசனை இருந்தது. வாசல்படியில் இடுப்பளவுக்கு இரும்புத் தகடு வைத்து, சுவரோடு போல்ட் போட்டு முறுக்கி, ஓரமெல்லாம் தார் பூசினார். பின்வாசலுக்கும் அதே. உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் தகட்டின் மேல் காலைத் தூக்கிப் போட வேண்டும். பெரியவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாண்டும்போதெல்லாம் தெரு வேடிக்கை பார்த்தது.

"இனிமே ஒரு சொட்டு உள்ள வராது பாரு" என்றார்.

சும்மா சொல்லக் கூடாது, வாசல் வழியாக ஒரு சொட்டும் வரவில்லை.

அந்த வருஷத்து மழை ஒரு மத்தியானம் வந்தது. பெரியவள் ஒரு காலரைப் பொருத்திக்கொண்டிருந்தாள். வெளிச்சம் சட்டென்று போயிற்று. பிறகு கூரைமேல் ஜல்லி கொட்டுவது போன்ற சத்தம். ரோலர்காரர் தகட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, தகட்டில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

"பாத்தியா?"

"என்னங்க," என்றாள் பெரியவள் பின்னாலிருந்து, "பாத்ரூம்ல என்னமோ குளுகுளுங்குது."

குளியலறை ஓட்டையில் இருந்து தண்ணீர் ஊற்று மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது. சாக்கடை நிரம்பி, போக வழி இல்லாமல், தெருவிலேயே பள்ளமான வீடு எது என்று விசாரித்து வந்து சேர்ந்திருந்தது. ரோலர்காரர் ஓட்டைமேல் பலகையைப் போட்டார், பலகைமேல் அம்மிக்கல்லை வைத்தார், கல்லின்மேல் தானே ஏறி நின்றார். தண்ணீர் சமையலறைத் தரை ஓட்டை வழியாக வந்தது. உள்ளே வந்தது வெளியே போக முடியாமல் அவர் போட்ட தகடு அருமையாகத் தடுத்தது. போல்ட்டுகளோ தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. தகட்டைத் தாண்டிவிடலாம் என்று பார்த்தால், வெளியே ரோட்டில் தண்ணீர் ஆளை இழுக்கிற வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவள் தையல் மெஷின் தலையைக் கழற்றி அலமாரிமேல் வைத்தாள். தைத்து முடித்த யூனிபார்மை எல்லாம் மூட்டையாகக் கட்டி ஜன்னல் வழியாகத் தூக்கிக் கொடுத்தாள். சின்னவள் ஏற்கெனவே அங்கே நின்று, "அக்கா, வாங்கக்கா! மேல வாங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

ரோலர்காரர் சமையல் மேடைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீ போ. நான் வரல."

"தண்ணி மேடை வரைக்கும் வரப்போகுதுங்க."

"வரட்டும். இறங்கிடும்."

"இறங்கலைன்னா?"

"இறங்கும்னு சொல்றேன்ல. அவன் வீட்டு அடுப்பங்கரையில நான் தவழ்ந்து போய் விழணுமா?"

பெரியவளுக்கு இத்தனை வருஷமாக அடக்கி வைத்த கோபம் எல்லாம் அப்போதுதான் வாய்க்கு வந்தது. வந்ததை அவள் தடுக்கவும் இல்லை.

"உங்க ரோஷத்தை வச்சு என்ன பண்றது? அந்தப் பாத்ரூம் ஓட்டையை அடைக்கக்கூட ஆகாது அது! ரோடு போட்டீங்க, ஆசையாப் போட்டீங்க, அது தப்பாப் போச்சு. ஊருல யாருக்குத் தெரிஞ்சுது மழை இப்படி மாறும்னு? அந்தத் தம்பி அன்னிக்கு சோடா வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினவர்தானே? நீங்க போகலைன்னா நானும் போகல. இங்கயே உக்காறேன்." சொன்னதோடு நிற்காமல், தண்ணீரிலேயே இறங்கி நின்றுகொண்டாள். அது அவள் முழங்காலைத் தாண்டியிருந்தது.

ரோலர்காரர் அவளைப் பார்த்தார். அவள் பல் கிடுகிடுத்தது. எழுந்து ஸ்டூல்மேல் ஏறினார்.

தலை போயிற்று. தோள் போயிற்று. குக்கர் தாராளமாகப் போகிற ஓட்டைதான், ஆனால் எந்தக் குக்கருக்கும் அப்படி ஒரு வயிறு கிடையாது. பாதி ஆள் அந்த வீட்டிலும் பாதி ஆள் இந்த வீட்டிலுமாக ரோலர்காரர் சிக்கிக்கொண்டார். பெரியவள் மேடை ஏறிப் பின்னாலிருந்து தள்ளினாள். சின்னவள் முன்னாலிருந்து ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"என்னங்க!" என்று சின்னவள் கூவினாள். இந்த 'என்னங்க' அவள் புருஷனுக்கு.

முன்னறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே, கேட்காதவர் போல ஒரு வாஷிங்மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி வந்தார். தன் சமையல் மேடையில், மிளகாய் டப்பாவுக்கும் எண்ணெய்க் கேனுக்கும் நடுவில், அண்ணனின் தலையும் தோளும் கிடப்பதைப் பார்த்தார். பார்ப்பதற்கு இந்த முறை வானமும் இல்லை, செருப்பும் இல்லை.

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த பெரியவளுக்கு எதுவும் தெரியவில்லை. புருஷனின் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கீழே தண்ணீர் ஸ்டூல் காலை நனைக்க ஆரம்பித்திருந்தது.

"மூச்சை வெளிய விடுண்ணே" என்று தம்பியின் குரல் கேட்டது.

"விட்டுட்டேன்டா."

"முழுசா விடு."

"முழுசா விட்டா செத்துடுவேன்டா. வயிறுதான் மாட்டுது, மூச்சு இல்ல."

பிறகு யாரோ மூக்கால் சிரித்தார்கள். அது தம்பியா அண்ணனா என்று பெரியவளால் சொல்ல முடியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிச் சிரிப்பு என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

"அண்ணி, நீங்க தள்ளுங்க. நான் சொல்லும்போது."

பெரியவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. அவளே தைத்தவை, இறுக்கமாகத்தான் தைத்திருந்தாள். அந்தப் பக்கம் எண்ணெய்க் கேன் உருண்டது, டப்பாக்கள் சரிந்தன, ஏதோ பெரிதாக விழுந்தது. பிறகு ஓட்டையில் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில் இரண்டு கைகள் நீண்டன. ஒன்று சின்னவளுடையது. இன்னொன்று, மிளகாய்ப்பொடி ஒட்டிக்கொண்டு, ரோலர்காரருடையது.

தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் நாலு பேரும் மேலேதான் இருந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒன்றும் உருகி வழியவில்லை. "அந்தத் துண்டை எடு", "லைட்டை அணை" என்ற அளவில்தான் பேச்சு. ரோட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரோலர்காரர் பெரும்பாலும் தெருப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் போட்ட ரோடு தண்ணீருக்குள் கிடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் சட்டை அவருக்கு வயிற்றில் பொத்தான் போட வரவில்லை. திறந்தே விட்டிருந்தார். பெரியவள் உலர்ந்த தரையில் கால் நீட்டி உட்கார்ந்து சின்னவளோடு விடிய விடியப் பேசினாள். ஆனால் சேறு அள்ளக் கீழே திரும்பிப் போக வேண்டும் என்ற நினைப்பு அவளை விடவே இல்லை. இந்த மழை போனால் அடுத்த மழை. அதற்கு அடுத்த மழைக்கு அந்த ஓட்டையில் ஏற அவளுக்குத் தெம்பு இருக்குமா?

சேறு அள்ளி முடித்த மறுநாள் ரோலர்காரர் தகட்டின் போல்ட்டுகளைக் கழற்றினார். எங்கே போகிறேன் என்று சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், ஜாக்கி மேஸ்திரியோடு திரும்பி வந்தார். பெரியவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

மேஸ்திரி பழக்கப்படி ரோட்டில் குந்தினார். டேப்பின் நுனியை ரோட்டில் வைத்து, "வழக்கமா இங்கிருந்து மூணரை அடி கணக்கு. தம்பி வீட்டுக்கும் அப்பிடித்தான் எடுத்தேன்" என்றார்.

"ரோட்டுல இருந்து எடுக்காதீங்க" என்றார் ரோலர்காரர்.

"பின்ன?"

"இந்த மழையில பேந்த இடத்துக்கு அடுத்த மாசமே மேல கொட்டுவாங்க. அடுத்த மழைக்கு இன்னொண்ணு. நான் அடுக்கடுக்கா ஏத்தினவன், எனக்குத் தெரியும். ரோட்டை நம்பி அளந்துதான் இந்த வீடு இப்படிக் கெடக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டார். தெருவில் நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பியும் தன் படியில் வந்து நின்றிருந்தார். "தம்பி வீட்டுத் தரை எங்க இருக்கோ அங்க வரட்டும். ஒரு விரக்கடை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

மேஸ்திரி டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, உள்ளே இருப்பது தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டியூபை எடுத்து அதில் தண்ணீர் ஊற்றினார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். கொத்து வேலைக்காரர்கள் மட்டம் பார்ப்பது அதை வைத்துத்தான். ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்னால் தம்பி இறங்கி வந்து அதை வாங்கிக்கொண்டார். படியேறிப் போய், தன் நிலைவாசலில் குனிந்து, தரைக்கு நேராகப் பிடித்தார். இன்னொரு முனையை ரோலர்காரர் தன் வீட்டுச் சுவரில் வைத்துப் பிடித்தார்.

"கொஞ்சம் ஏத்துண்ணே... இன்னும்... இன்னும் ஏத்து... அங்க நிறுத்து."

டியூபுக்குள் தண்ணீர் ஆடி ஆடி நின்றது. மேஸ்திரி அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார்.

பெரியவள் கிட்டப்போய்ப் பார்த்தாள். கோடு அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அதில் கையை வைத்துக்கொண்டு, அங்கேயே நின்று, "அம்மாடி, இவ்வளவு கீழயா இருந்தோம்!" என்றாள். "ஜன்னலைப் பழையபடி இடுப்பு உயரத்துல விடச் சொல்லணும்க்கா!" என்று கத்திக்கொண்டே சின்னவள் மேலேயிருந்து படி இறங்கி ஓடி வந்தாள்.